பத்திய சூப்

எங்கள் ராயப்பன்பட்டியில் ஒரு வழக்கம் உண்டு. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவருக்கு டாக்டர் பத்தியம் சொல்லியிருந்தால் ஊர் நிம்மதியாகத் தூங்கும். "கேட்டதைக் குடுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தால், உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து முகம் பார்த்துவிட்டுப் போவார்கள். அதற்குமேல் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் என் வீட்டுக்காரர் பங்கிராஸ் மதுரையிலிருந்து பத்தியத்தோடுதான் வந்தார். கூடப் போயிருந்த என் கொழுந்தன் அந்தோணிமுத்து வாசலிலேயே சொன்னான்.

"வயித்துப்புண்ணுதான் மதினி. காய்கறி சூப்பு மட்டும் குடுக்கச் சொன்னாக. கறி, மீனு, காரம் எதுவும் ஆகாது. கொஞ்ச மாசத்துல ஆறிரும்."

அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

தேனியிலிருந்து ஒரு குக்கர் வாங்கிவரச் சொன்னேன். கேரட், பீன்ஸ், சௌசௌ, ஒரு உருளைக்கிழங்கு, கைப்பிடி பச்சரிசி. இரண்டு மூன்று விசிலில் எல்லாம் குழைந்துவிடும். மத்தால் கடைந்து வடிகட்டி, பாலையும் அதன் ஏட்டையும் சேர்த்து, கொதி வருமுன் இறக்க வேண்டும், விட்டால் திரிந்துபோகும். வழுவழுவென்று தொண்டையில் இறங்கும். மாத்திரையைவிட அதைத்தான் நான் நம்பினேன்.

கோயில் திருவிழாவன்று ஊரெல்லாம் கிடாக்கறி. அந்தோணிமுத்து வீட்டுக் குழம்பு வாசம் எங்கள் அடுப்படிவரை வந்தது.

"ஏத்தா, அந்த சூப்புல ஒரே ஒரு எலும்பைப் போடேன். டாக்டரு இங்கன வந்தா எட்டிப் பாக்கப் போறாரு?" என்றார் அவர்.

"டாக்டருக்குத் தெரியாட்டியும் புண்ணுக்குத் தெரியும்."

"புண்ணு நம்ம வீட்டுப் பயதானே, வெளிய சொல்ல மாட்டான்."

"முதல்ல ஆறட்டும். அடுத்த திருவிழாவுக்கு முழுக் கிடாயும் உங்களுக்குத்தான்."

அவர் சிரித்தார். கதவோரம் நின்ற அந்தோணிமுத்து அண்ணனைப் பார்த்தான். அவர் வேண்டாமென்பதுபோல லேசாகத் தலையசைத்தார். அவன் போய்விட்டான். பிறகு, நான் பக்கத்தில் நின்று பார்க்க, அவர் சூப்பை டம்ளரின் அடிவரை குடித்தார்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அவரை அடக்கம் செய்தோம். புண் திடீரென்று வெடித்துவிட்டது என்றார்கள். என்றைக்காவது சூப்பில் உப்பு கூடிப்போயிருக்குமோ என்று பல நாள் யோசித்தேன்.

மறுவருஷம் அனுமந்தன்பட்டியில் அந்தோணிமுத்துவின் மாமனார் படுத்துவிட்டார். அவரையும் மதுரைக்குக் கூட்டிப்போனவன் அவன்தான். திரும்பியதும் நேரே என் அடுப்படிக்கு வந்தான்.

"மதினி, அந்த சூப்பு வைக்கிறதை எங்க அத்தைக்குச் சொல்லிக்குடுக்கணும்."

"மாமாவுக்கும் வயித்துப்புண்ணா?"

"இல்ல. கேட்டதைக் குடுங்கன்னுட்டாக. அத்தைகிட்ட அதை எப்படிச் சொல்ல? பத்தியம்னா தெம்பா இருப்பாக. அண்ணன் அன்னைக்குச் சொன்ன யோசனைதான்..."

சட்டென்று நிறுத்திக்கொண்டான். அடுப்பில் உலை பொங்கி வழிந்தது. இரண்டு பேருமே அதை இறக்கவில்லை.

"அண்ணன் சொன்ன யோசனையா?"

"நீங்க ஒடஞ்சு போயிருவீகன்னுதான் மதினி... பஸ்ஸுலயே என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக."

அந்த எலும்பு. இன்னொரு மழை நாளில் அவர் கேட்ட கருவாட்டுக் குழம்பு. எல்லாமே கொடுக்கக்கூடியதாகத்தான் இருந்திருக்கிறது. சாகப்போகிறவருக்குக் கேட்டதை ஆக்கிப்போடுவது எங்கள் ஊரில் எந்தப் பெண்டாட்டிக்கும் கிடைப்பது. அதை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, கையில் ஒரு மத்தைக் கொடுத்துவிட்டார்கள். பிரியத்தால் செய்தார் என்று அந்தோணிமுத்து இன்றும் சொல்கிறான். இருக்கட்டும். அந்தப் பிரியம்தான் என்னை அவர் வாய்க்குக் காவல் வைத்தது.

மறுநாள் அவனோடு அனுமந்தன்பட்டிக்குப் போனேன். அவன் மாமியார் அன்னத்தாய் காய்களைக் கழுவித் தயாராக வைத்திருந்தாள்.

"வா ஜெயமேரி. எத்தனை விசிலு விடணும்? இந்தக் கேரட்டு போதுமா? உன் கொழுந்தன் கஞ்சப்பய, ரெண்டே ரெண்டுதான் வாங்கியாந்தான்."

அந்தோணிமுத்து வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையிலிருந்த கேரட்டை வாங்கிக் கீழே வைத்தேன்.

"சூப்பு வேண்டாம் அத்தை. மாமா கேட்டதைக் குடுங்க."

அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"டாக்டரே சொன்னாகளா?"

"சொன்னாக."

அவள் அழவில்லை. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். சேவலின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தவள், வீட்டுக்குள் பார்த்து, சண்டைக்குப் போகிறவளைப்போலச் சத்தமாகக் கேட்டாள்.

"ஏங்க, சேவல் அடிக்கப் போறேன். குழம்பா, வறுவலா?"

உள்ளேயிருந்து பதில் வருவதற்குள் நான் தெருவுக்கு வந்துவிட்டேன்.