ஏழாம் நம்பர் ஓவர்லாக்

திருமுருகன்பூண்டியில் ஆத்தப்பன் நடத்திய பனியன் கம்பெனியில் துணியின் ஓரம் தைக்கும் ஏழாம் நம்பர் ஓவர்லாக் மிஷின், 2006 ஆடி மாதத்திலிருந்து மின்சாரம் இல்லாமலும் ஓடியது. மின்வாரியத்திலிருந்து மூன்று முறை வந்து பார்த்துவிட்டு, மீட்டரில் கோளாறு இல்லை, திருட்டு இணைப்பும் இல்லை என்று எழுதிக் கொடுத்துப் போனார்கள். அந்த மிஷினில் உட்கார்ந்து தைத்தவள் ஒச்சாயி, உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் இரண்டு முறை தோற்றுப் படிப்பை விட்டவள். முப்பத்து நான்கு வயதில், இனி நாளுக்கு ஓர் ஆங்கிலச் சொல் படிப்பது என்று முடிவெடுத்தாள். அட்டைப்பெட்டி, துணி லேபிள், வடை மடித்து வந்த இங்கிலீஷ் பேப்பர் என்று எதில் கண்டாலும் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஒரு வருடம் கல்லூரிக்குப் போய் வந்தவரான கட்டிங் மாஸ்டர் சுடலையிடம் அர்த்தம் கேட்டு, சாக்பீஸால் மிஷின் மேஜையில் எழுதி வைப்பாள். படித்த சொல்லை அன்றைக்கே யாரிடமாவது பயன்படுத்திவிட வேண்டும் என்பது அவளாக வைத்துக்கொண்ட சட்டம். அப்படிப் பயன்படுத்திய நாளில் கரண்ட் போனால் அவள் மிஷின் நிற்காது, அவ்வளவுதான்.

இதற்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. டென்ஷன், டோட்டல், ஷிப்மென்ட் போன்றவற்றுக்கு மிஷின் அசையாது. அவையெல்லாம் எப்போதோ தமிழாகிவிட்டன. பொய்க்கும் ஓடாது. தினமும் முக்கால் மணி நேரம் பிந்தி வரும் சுடலையை ஒரு நாள் "மாஸ்டர் ரொம்ப பங்க்சுவல்" என்று புகழ்ந்தாள். நாலு தையல் போட்டுவிட்டு மிஷின் நின்றுவிட்டது. டீக்கடைக்காரரிடம் டீ லூக்வார்மாக இருக்கிறது என்று சொன்ன நாளில், அவர் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுபடி கொதிக்க வைத்து எல்லோருக்கும் கொண்டுவந்தார். அன்று இருபத்தைந்து நிமிடம் ஓடியது. ஒரு சொல் எத்தனை பேருக்கு உதவுகிறதோ அத்தனைக்கு ஓடும் என்று சுடலை சொன்னார். ஆரம்பத்தில் "வாங்க துரைசாணி" என்று கிண்டலடித்தவரும் அவர்தான். பிறகு திருப்பூர் ராயபுரத்தில் பழைய புத்தகக்காரரிடம் தேடிப் பிடித்து, அட்டை கிழிந்த அகராதி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் வருடம் பிறந்தபோது அவளிடம் எழுநூறு சொற்களுக்கு மேல் இருந்தன. எங்கள் வட்டாரத்தில் பட்டம் வாங்கியவர்களிடம்கூட அத்தனை சொற்கள் புழக்கத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

2008 புரட்டாசியில் ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் கரண்ட் போனது. வாடகைக்குக்கூட ஜெனரேட்டர் கிடைக்கவில்லை. மிஷின்கள் நின்றதும் பக்கத்துப் பட்டறைகளில் சாமி சிலை கொத்தும் உளிச் சத்தம்தான் கேட்கும். அந்த நேரம் பார்த்து கம்பெனியில் துணி வாங்கும் ஹாலந்துக்காரர் போன் செய்து, ஆர்டர் கொடுத்திருந்த எட்டாயிரம் டீஷர்ட்டையும் பத்து நாள் முன்னதாக அனுப்ப முடியுமா என்று கேட்டார். ஆத்தப்பன் சேவூர் விவசாயக் குடும்பத்துக்காரர். கேட்ட மனிதரிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது கொங்கு நாட்டில் பெரிய மரியாதைக் கேடு. ஆகட்டுங்க, பாத்துக்கலாமுங்க என்று சொல்லி அனுப்புவோம். கேட்டவரும் நாலு நாள் பொறுத்து, காரியம் நடக்காது என்று தாமாகவே விளங்கிக்கொள்வார். ஹாலந்தில் அந்த வழக்கம் இல்லை. ஆத்தப்பன் "ஓகேங்க சார்" என்றார். மறுநாளே, ஒப்புக்கொண்டதற்கு நன்றி, தேதி தவறினால் ஆர்டர் ரத்து என்று மெயில் வந்துவிட்டது. ரத்தானால் கம்பெனியை மூட வேண்டியதுதான். முப்பத்திரண்டு டெய்லர்களும் மூட்டை கட்ட வேண்டும். ஒச்சாயிக்கு ஊர் என்றால் கருவேலங்காட்டில் முள் வெட்டும் வேலை. செத்தாலும் அதற்குத் திரும்புவதில்லை என்று வந்தவள் அவள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், கரண்ட் இல்லாத நேரத்தில், ஹாலந்துக்காரர் மறுபடி அழைத்தார். தேதி உறுதிதானே என்று கேட்டார். அதுவரை மூன்றில் ஒரு பங்குகூடத் தைத்து முடியவில்லை. அன்று ஒச்சாயியின் மிஷினும் நின்றுகொண்டுதான் இருந்தது. காலையில் அவள் எழுதி வைத்த சொல் இம்பாசிபிள். வேலை பார்க்கும் இடத்தில் சொன்னால் வேலையே போய்விடும் சொல் அது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அரை நாள் வைத்துக்கொண்டிருந்தாள். ஆத்தப்பனின் முகத்தில் அடுத்த ஓகே வருவதைப் பார்த்ததும் எழுந்து போனாள்.

"மொதலாளி, முடியாதுன்னு சொல்லிப்புடுங்க."

அவர் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "அதெப்புடி அம்மிணி? நம்மள நம்பிக் கேக்கற மனுசன்கிட்ட மூஞ்சிக்கு நேரா எப்புடி இல்லீங்கறது?"

"நீங்க சொல்ல வேணாம். போனை இங்கிட்டுக் குடுங்க, நான் சொல்லிக்கிறேன்."

அவர் கொடுத்துவிட்டார். மற்ற முப்பத்தொரு பேரும் அவளையே பார்த்தார்கள். "சார், திஸ் டேட் இம்பாசிபிள். கரண்ட் இல்ல... நோ கரண்ட். ஓல்டு டேட், ஆல் பீஸ், குட் பீஸ்," என்றாள். பேசுவது யார் என்று ஹாலந்துக்காரர் கேட்டார். "ஒச்சாயி, சார். ஓவர்லாக் டெய்லர்." அதன்பின் அவர் சொன்னதை அவள் முழுசாக விளங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள். ஆறு வருடமாக இந்த ஊரில் துணி வாங்குகிறாராம். முடியாது என்று ஒருவர் உள்ளதைச் சொல்லக் கேட்பது இதுதான் முதல் தடவையாம். இனி இந்தக் கம்பெனி சொல்லும் தேதியை நம்பலாமாம். பழைய தேதிக்கே அனுப்பினால் போதுமாம்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஏழாம் நம்பர் மிஷின் ஓடத் தொடங்கியது. பிறகு எட்டு, பிறகு வரிசையாக முப்பத்திரண்டும் ஓடின. டியூப்லைட்டுகளும் எரிந்தன. ஓடுகிற மிஷினைச் சும்மா விடுவானேன் என்று எல்லோரும் உட்கார்ந்து தைத்தார்கள். இதே வேகத்தில் போனால் ஹாலந்துக்காரர் கேட்ட முன் தேதிக்கே முடித்துவிடலாமே என்றார் சுடலை. அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆத்தப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வெளியே போய் நின்றார். போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "நம்ம கம்பெனி டெய்லருங்க. ஹாலந்துக்காரன்கிட்டயே முடியாதுன்னு சொல்லிட்டாளுங்க," என்று, சொந்த மகள் கலெக்டரானதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கும் அன்று அப்படித்தான் இருந்தது.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. வந்ததை யாரும் கவனிக்கவில்லை.