இரண்டு கையும் மேலே

நாற்பது வருஷமாக வண்டி ஓட்டியது வெர்ன். பின்னால் நின்று கை காட்டியது அவன் மனைவி டார்லீன். வண்டியில் மாட்டி இழுக்கும் டிரெய்லர் வீட்டைப் பின்னுக்கு எடுக்கும்போது அவர்களுக்குள் ஒரே சட்டம்: இரண்டு கையும் மேலே போனால் பிரேக். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. மற்ற தம்பதிகள் டிரெய்லர் நிறுத்தும் முகாமுக்கு முகாம் சந்தி சிரிக்கச் சண்டை போட்டபோது இவர்கள் மானம் தப்பியது அந்தச் சட்டத்தால்தான்.

இந்த மார்ச்சில் எல்லாம் தலைகீழ். வெர்னுக்கு நேராகப் பார்த்தால் இருட்டு. ஓரக்கண்ணில்தான் கொஞ்சம் உலகம் மிச்சம். அடுத்த வசந்தத்துக்குள் அதுவும் போகலாம் என்றார் டாக்டர். அதற்குள், தான் வளர்ந்த பிளாட் ஆற்றங்கரையில் வலசை வரும் நாரைகள் இறங்குவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். டார்லீன்தான் அயோவாவிலிருந்து அந்த ஆறு ஓடும் நெப்ராஸ்கா மாநிலம் வரை டிரெய்லரை இழுத்து வந்தாள். இழுப்பது பெரிதில்லை, பின்னுக்கு எடுப்பதுதான் உயிர் போகிற வேலை.

முகாமுக்கு வந்தபோதே பொழுது சாய்ந்துவிட்டது. நாரைகள் இறங்குவதும் அந்த அரைமணி நேரம்தான்.

"டிரெய்லர் இப்படியே கெடக்கட்டும். வா, ஆத்துக்குப் போலாம்" என்றாள் டார்லீன்.

"கோணலா விட்டுட்டா? எங்க ஊர்ல எனக்குன்னு ஒரு பேரு இருக்குடி."

"கண்ணு போயும் வீறாப்பு போகலையே கிழவா!"

அவன் பின்னால் போய் நின்று கை காட்டினான். மூன்றாவது முயற்சியில் டிரெய்லர் குறுக்கே திரும்பிப் பாதையை முழுசாக அடைத்தது. கண்ணாடியில் அவனுடைய இரண்டு கையும் மேலே போயின. டார்லீன் பிரேக்கை மிதித்தாள்.

பின்னால் மரமில்லை, கல்லில்லை. கை மட்டும் இறங்கவில்லை. நாலு வார்த்தை திட்டலாம் என்று இறங்கினாள். அவன் கை போன பக்கம் நிமிர்ந்தாள்.

வானமே இறங்கிக்கொண்டிருந்தது. ஆயிரமா, லட்சமா? அடிவானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நாரைகள். அந்தக் கூச்சல் நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்ந்தது. டார்லீன் அண்ணாந்தபடியே நின்றாள். கோயிலில்கூட அவள் இப்படி நின்றதில்லை.

வெர்ன் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியுதா?"

"நடுவுல ஒண்ணுமில்ல டார்லி. சுத்திலும் தெரியுது. நடுவுலயும் பறக்குதுன்னு சத்தம் சொல்லுது." கன்னம் நனைந்திருந்தது.

பின்னால் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்று ஹார்ன் அடித்தது. "யோவ், வழிய விடுங்கய்யா!"

டார்லீன் திரும்பி, அந்த வண்டியைப் பார்த்து இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

எஞ்சின் அணைந்தது. ஓட்டி வந்தவன் இறங்கி, வானத்தைப் பார்த்தபடி தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் வந்து நின்றான்.