சந்நிதி வீதியில் ஒரு சுற்று

என் கணவரின் தொடையெலும்பு இரண்டு தரம் முறிந்தது. முதல் தரம் கிணற்றுத் துலாவிலிருந்து விழுந்து முறிந்தது. இரண்டாம் தரம் முறித்தவள் நான். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. என் முகத்துக்கு முன்னால் சொல்லப் பயம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

முதல் முறிவு, ஜோர்ஜ் மன்னருக்கு முடிசூட்டிய வருசம், ஆனி மாதம். அச்சுவேலியில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்கு அதிகாலையில் தண்ணீர் இறைத்தார்கள். இவருடைய தமையன் அருளம்பலம் கீழே நின்று தண்ணீர் அள்ளி வரும் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, இவர் நீண்ட துலா மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதித்தார். பதினாறு வயதிலிருந்து மிதிக்கிறவர். வெறும் தரையில் நடப்பதைவிடத் துலாவில் நன்றாக நடப்பார் என்று நான் பகிடி பண்ணுவேன். அன்று கயிறு நைந்து அறுந்தது, துலா உலுப்பிற்று, இவர் கிணற்றுக்கட்டில் தொடை அடிபட விழுந்தார்.

வண்டிலில் ஏற்றும்போதே நான் நேர்ந்துவிட்டேன். "சந்நிதி முருகா, இந்தக் கால் கூடினால், வாற ஆவணித் திருவிழாவிலை இவர் காவடி எடுத்து உன்ரை வீதி சுற்றி வருவார்." சத்தமாகத்தான் நேர்ந்தேன். அவரும் கேட்டார், தமையனும் கேட்டார்.

மிசன் ஆஸ்பத்திரியில் காலுக்கு ஒட்டுத்துணி சுற்றி, கயிறு கட்டி, கட்டில் நுனியில் பூட்டிய கப்பியில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டார்கள். முறிந்த எலும்பின் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இழுத்துப் பிடிக்கவாம். "துலா மிதிச்ச ஆளுக்குக் கடைசியிலை கப்பிதான் வாய்ச்சிருக்கு" என்றேன். அந்த வலியிலும் சிரித்தார். எட்டுக் கிழமை அப்படியே மல்லாந்து கிடந்தார். மியூரியல் என்ற நர்ஸ் நாள்தோறும் முதுகைத் துடைத்துவிடுவாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டொக்குத்தர் நேசையா என்னைக் கூப்பிட்டார்.

"எலும்பு கூடிப்போச்சு அம்மா. ஆனால் உள்ளுக்குள்ளை அது இன்னும் ஈர மண்சுவர்தான். காய முன்னம் கூரை ஏத்துவியளோ? ஐப்பசி வரைக்கும் அந்தக் காலிலை பாரம் விழக்கூடாது. கக்கத்துத் தடியோடைதான் நடக்கவேணும்."

"ஓம் டொக்குத்தர்" என்றேன். எனக்குக் காதில் விழுந்தது 'எலும்பு கூடிப்போச்சு' என்பது மட்டும்தான். முருகன் தன் பங்கைச் செய்துவிட்டார், இனி எங்கள் பங்கு என்றே நினைத்தேன். எங்கள் வீட்டு மண்சுவரை நானே குழைத்து வைத்தவள். ஈரச்சுவரில் கோழி ஏறினாலும் கல்லெடுத்து எறிந்திருக்கிறேன்.

ஆவணி பிறந்தது. கொடியேறிய அன்றே எங்கள் மூன்று வயதுக் குணலட்சுமிக்குக் காய்ச்சல் காய்ந்தது.

"நேர்ந்ததைச் செய்யாட்டில் பிள்ளையிலைதான் வந்து விடியும்" என்று அழுதேன்.

"கால் இன்னும் பிடிக்கேல்லை, நல்லம்மா. ஊண்டினால் உள்ளுக்குள்ளை வலிக்குது" என்றார்.

"ஒரு சுற்றுத்தானே. முருகன் தாங்கமாட்டாரோ?"

மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து அழுதேன். இடையில் அவர் தமையனைக் கூப்பிட்டு ஏதோ கதைத்தார். தமையன் வண்டில் கட்டிக்கொண்டு எங்கோ போய்வந்தார். நான் அதைக் கேட்டு வைக்கவில்லை. அன்று பின்னேரம் அவர் என்னிடம், "சரி, போவம். அழாதை" என்றார்.

சந்நிதிக் கோயில் நிற்கிற தொண்டைமானாற்றங்கரை மணல் அன்று கொதித்தது. கக்கத்துத் தடிகளை வண்டிலிலேயே விட்டோம். காவடியோடு தடி எப்படிப் பிடிப்பது? தோளில் காவடி ஏறியதும் அவர் முகம் வெளுத்தது. தெற்கு வீதி தாண்டினார். மேற்கு வீதியில் மணல் புதைகிற இடத்தில் அவர் கால் ஒருமுறை மடங்கியது. அப்படியே முழங்காலில் விழுந்து, காவடி ஒரு பக்கம் சரிய, வாய் திறந்து அலறினார்.

சனம் சாமி வந்து உரு ஏறிவிட்டது என்று நினைத்தது. "அரோகரா" என்று வீதி முழுவதும் குரல் எழுந்தது. மேளகாரர் இன்னும் வேகமாக அடித்தார்கள். அவர் அலற அலற அரோகராவும் கூடியது. நானும் கைகூப்பிக்கொண்டு நின்றேன். முருகன் வந்துவிட்டார் என்று கண்ணீர் விட்டேன். தமையன் ஓடிப்போய்த் தூக்கியபோதுதான் தொடை நடுவில் வளைந்து கிடந்ததைக் கண்டேன்.

மறுபடி அதே கட்டில், அதே மணல் மூட்டை. "விளங்கப்படுத்தித்தானே விட்டனாங்கள், அக்கா" என்று மியூரியல் அழுதாள். டொக்குத்தர் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இந்த முறை எலும்பு கோணலாகக் கூடியது. கால் மூன்றங்குலம் கட்டையாகிவிட்டது.

அடுத்த வருசம் எங்கள் துலாவைக் கூலிக்கு வந்த சந்தியோகு மிதித்தான். இவர் கீழே பட்டை பிடித்தார். அண்ணாந்து அண்ணாந்து துலாவையே பார்த்தார். அதைப் பொறுக்கமாட்டாமல் நான் வரம்பில் நின்ற மைத்துனர் அருளம்பலத்திடம், "கோயிலிலை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் அத்தான். எனக்குப் புத்தி போகேல்லை" என்றேன்.

"கேட்டனாங்கள் பிள்ளை" என்றார் அருளம்பலம். "தம்பிதான் என்னை வண்டில் கட்டி அனுப்பினவன். பூசை செய்யிறவர், சுகமான பிறகு எப்ப எடுத்தாலும் சரி எண்டு சொல்லிவிட்டவர்."

இறைப்பு முடியும்வரை காத்திருந்தேன். கிணற்றுக்கட்டில் காலை நீட்டி இருந்தவரிடம் போய், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னால் நம்பியிருப்பியோ? காய்ச்சல்லை பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால், நேர்த்தி பிந்தினதாலை எண்டு சாகுமட்டும் உன்னையே தின்னுவாய். எனக்கு ஒரு கால்தானே எண்டு நினைச்சன்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பட்டையைக் கழுவப் போனார், நொண்டி நொண்டி.

பிள்ளைக்கு வந்தது வெறும் தடிமன் காய்ச்சல், நாங்கள் கோயிலுக்குப் புறப்பட முதலே விட்டுவிட்டது. நேர்த்திக்குச் சம்மதித்ததால்தான் விட்டது என்று அன்று நினைத்தேன். வண்டிலில் ஏற்றிய அந்தக் காலையில் நேர்ந்துகொள்ள எனக்கு எத்தனையோ இருந்தன. நான் கற்பூரச்சட்டி எடுக்கிறேன், நான் வீதி சுற்றுகிறேன் என்று நேர்ந்திருக்கலாம். அன்று என் கால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. இன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன.