ஹெண்ட்ரிக்ஸ் அண்ணாச்சி

தோற்றவர்கள் ஒரு வருடம் ஜெயித்த கட்சி ஆளின் பெயரை 'அண்ணாச்சி' போட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் பந்தயம். வேறு பரிசு கிடையாது.

உலகத்தின் மிகப் பெரிய ராக் கிதார்க்காரர் யார் என்பதில் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கட்சி. மற்றது டேவிட் கில்மோர் கட்சி. படகு எஞ்சின் மெக்கானிக், கோயில் பாடகர் குழுக்காரர், கப்பல் ஏஜென்சி குமாஸ்தா, கல்லூரி ஆசிரியை என்று இரண்டிலும் எல்லா வகை ஆட்களும் இருக்கிறார்கள். மே மாதக் கடைசி ஞாயிறு, மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது, வேலையில்லாத ஐஸ் கம்பெனிக்குள் பகல் மூன்று மணிக்குக் கூடுவோம். கட்சிக்கு ஒருவர் வாசிப்பார். பதிவான பாட்டை அப்படியே எடுத்து வாசிக்கக் கூடாது. தன் ஆள் வாசிக்கிற விதத்தில், சொந்தமாக, நாலு நிமிடம்.

கேட்க வந்தவர்கள், வாசிப்பவர்கள் எல்லார் கையிலும் ஆளுக்கு ஒரு சிப்பி. தார்ப்பாய் மறைவுக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் வாளிகள். நீலம் ஹெண்ட்ரிக்ஸ், சிவப்பு கில்மோர். கட்சி பார்த்துப் போடக் கூடாது. அன்றைக்கு யார் நன்றாக வாசித்தாரோ அவருக்குத்தான் போட வேண்டும்.

மூன்று வருடமாக ஹெண்ட்ரிக்ஸ் கட்சிக்கு வாசித்து ஜெயித்தது என் மனைவி மாலினி. முதல் வருடம் 24–19. இரண்டாம் வருடம் 22–20. மூன்றாம் வருடம் 26–21. இரண்டாம் வருடச் சிவப்பு இருபதில் ஒன்று மாலினி போட்டது. அன்றைக்கு கில்மோர் கட்சிக்கு வாசித்த ஸ்டெபின் தன்னைவிட நன்றாக வாசித்தான் என்று சொன்னாள். அப்படிப் போட்டும் ஜெயித்தாள்.

அதனால் மூன்று வருடமாக ஸ்டெபினும் அவன் ஆட்களும் டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் "ஹெண்ட்ரிக்ஸ் அண்ணாச்சி" என்றே சொல்லி வந்தார்கள். ஒருமுறை ஸ்டெபின் மறந்துபோய் வெறும் ஹெண்ட்ரிக்ஸ் என்று சொல்லிவிட்டான். மாலினி அவனைப் பத்துப் பேருக்கு டீ வாங்கிக் கொடுக்க வைத்தாள்.

மாலினி இடது கைக்காரி. ஆழ்வார்திருநகரியில், கோயில் கைங்கரியம் செய்யும் வீட்டில் பிறந்தவள். தீர்த்தம் வாங்க, சாப்பிட, பூ எடுத்துக் கொடுக்க, எதற்கும் அந்தக் கை கூடாது. பதினாறு வயதில், வலது கைக் கிதாரைத் திருப்பிப் பிடித்து இடது கையால் மீட்டுகிற ஒரு மனிதனின் வீடியோவைப் பார்த்தாள். "வீட்ல ஒளிச்சு வைக்கச் சொன்ன கையை இவர் உலகத்துக்கே நீட்டுறார்" என்று என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு ஆள் கிடையாது. அதே மாதிரி ஒரு வலது கைக் கிதாரை வாங்கி, கம்பிகளை வரிசை மாற்றிக் கட்டிக்கொண்டாள். நான் எதிரில் உட்கார்ந்து என் மரக் கிதாரில் பின்னணி வாசிப்பேன். அதுதான் என் இடம்.

போன செப்டம்பரில் இறந்தாள். ஐந்து நாள் காய்ச்சல். இருபத்தொன்பது வயது.

பிப்ரவரியில் ஸ்டெபின் என் கப்பல் ஏஜென்சி அலுவலகத்துக்கு வந்தான். விசைப்படகில் எஞ்சின் டிரைவர். மதியச் சாப்பாட்டு நேரம். கன்டெய்னர் காகிதங்களை ஒதுக்கிவிட்டு நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"ஏலே செந்தூரு, இந்த வருசம் போட்டி வேண்டாம்லே."

"ஏன்?"

"ஏன்னு கேக்கியே. ஹெண்ட்ரிக்ஸ் அண்ணாச்சி அண்ணாச்சியாவே இருந்துட்டுப் போவட்டும். எங்க ஆளுக எல்லாருக்கும் சம்மதம். ஞானையா அண்ணாச்சியும் சரின்னுட்டாரு."

ஞானையா அண்ணாச்சி ஐஸ் கம்பெனி மேனேஜர். நாசரேத்காரர். ஞாயிறு காலை ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். இரண்டு கட்சியையும் இரைச்சல் என்றுதான் சொல்வார். அதனால் அவரை நடுவராக வைத்திருந்தோம்.

"அவளுக்காகச் சும்மா விட்டுக் குடுக்கீங்களா?"

"அப்படி இல்லலே."

"அப்படித்தான். நாலாவது சும்மா குடுத்தா, முதல் மூணும் சும்மா குடுத்ததுன்னு ஆயிரும்."

"எவன் சொல்லுவான்?"

"நான் சொல்லுவேன்."

"அப்ப யாரு வாசிக்கா?"

"நான்."

"நீ பின்னாடி டொங்கு டொங்குன்னு போடுத ஆளுலே."

"மே மாசம் வரைக்கும் நேரம் இருக்கு."

அன்று மாலை மாலினியின் கிதார் உறையைத் திறந்தேன். கம்பிகள் துருப்பிடித்திருந்தன. எங்கள் ஊர் உப்புக் காற்றில் எந்தக் கம்பியும் சில மாதத்துக்கு மேல் தாங்காது. ஆகஸ்டில் அவளே கட்டிய கம்பிகள். விரலால் தடவினேன். பழுப்பாக ஒட்டியது. துருப்பிடித்த கம்பியோடு அவள் ஒரு நாளும் மேடை ஏறியதில்லை. வெட்டி எடுத்தேன். புதிதாக ஆறு கட்டினேன்.

வலது கைக்கு ஏற்றபடி கட்டியிருந்தால் எனக்கு எளிது. வரிசை மாற்ற அரை மணி நேரம் ஆகும். மாற்றவில்லை. அவள் கட்டுகிற வரிசையிலேயே கட்டினேன்.

எனக்கு இடது கை விரல்கள் காய்ப்பு ஏறியவை. இப்போது வலது கை விரல்கள் கம்பியை அழுத்த வேண்டும். இரண்டாவது வாரம் நான்கு விரல் நுனியிலும் கொப்புளம். அலுவலகத்தில் பேனா பிடிக்க முடியவில்லை. சரக்கு ரசீதுகளில் என் கையெழுத்து வேறு மாதிரி இருக்கிறது என்று சுங்க அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். இடது கை மீட்டுவதற்கு வராமல் அடம் பிடித்தது. ஆனால் ஒன்று உதவியது. ஐந்து வருடம் அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்தவன் நான். எந்த இடத்தில் அவள் தோள் இறங்கும், எந்த இடத்தில் கம்பியை மேலே தள்ளி நிறுத்துவாள் என்பது தெரியும். கை வரவில்லை. எங்கே போக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

மே கடைசி ஞாயிறு, என்னையும் ஸ்டெபினையும் சேர்த்து நாற்பத்தாறு பேர் கூடினோம். முன்பெல்லாம் நுழையும்போதே சண்டை தொடங்கும். ஸ்டெபினின் மனைவி ஜெஸ்மிதான் ஆரம்பிப்பாள். மாலினிக்கு நெருங்கிய சிநேகிதி. கில்மோர் கட்சியின் பெரிய வாய். வருடா வருடம் அவள் சொல்வது ஒன்றே. "உங்க ஆளு இருபத்தேழு வயசுலயே போயிட்டாரு. எங்க ஆளு இன்னும் வாசிக்காரு." மாலினி அதற்கு ஒரு பதில் வைத்திருப்பாள். மொத்த ஐஸ் கம்பெனியும் சிரிக்கும்.

இந்த வருடம் ஜெஸ்மி என்னைப் பார்த்து, "சாப்டீங்களா செந்தூரண்ணே?" என்றாள். எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள். பிளாஸ்கில் காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவர்கூட ஹெண்ட்ரிக்ஸைத் திட்டவில்லை.

முதலில் ஸ்டெபின் வாசித்தான். கில்மோர் கட்சியின் வழி மெதுவான வழி. நாலு ஸ்வரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் இழுத்து, அது ஓயும் வரை காத்திருப்பது. ஐஸ் அறையின் சுவர்கள் அதைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தன. தடைக்காலம் முழுக்கப் பழகியிருக்கிறான். நான் கேட்டதில் அவன் வாசித்தவற்றிலேயே அதுதான் சிறந்தது.

பிறகு நான். முதல் நிமிடம் இரண்டு இடத்தில் கம்பி தவறியது. இரண்டாவது நிமிடத்தில் அவள் கம்பியைத் தள்ளி நிறுத்துகிற இடம் வந்தது. தள்ளினேன். நின்றது. அது ஒன்று சரியாக வந்தது. மூன்றாவது நிமிடம் வலது கை இழுத்துக்கொண்டது. முடித்தேன். நாலு நிமிடத்துக்குப் பத்து விநாடி குறைவு.

கைதட்டல் பலமாக இருந்தது. தேவைக்கு மேல் பலமாக.

வரிசையாகத் தார்ப்பாய்க்குப் பின்னால் போனார்கள். நானும் போனேன். என் சிப்பியைச் சிவப்பு வாளியில் போட்டேன். ஸ்டெபின் நன்றாக வாசித்தான். விதி அதுதான்.

ஞானையா அண்ணாச்சி வாளிகளை வெளியே கொண்டுவந்தார். நீல வாளியைத் தூக்கும்போதே அவர் முகம் மாறியது. சத்தமாக எண்ணினார். நாற்பத்தைந்து வரை போனது. பிறகு சிவப்பு வாளிக்குள் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணு" என்றார்.

அந்த நாற்பத்தைந்தில் ஸ்டெபினுடையதும் ஒன்று. ஜெஸ்மியுடையதும் ஒன்று.

"அந்த ஒண்ணு யாரு?" என்று ஸ்டெபின் கேட்டான்.

"நான்தான்."

ஜெஸ்மி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான் ஒருத்தி மட்டும்தான் போடுதேன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். இன்னொருவரும் சொன்னார். நாற்பத்தைந்து பேரும் தனித்தனியாக, யாருக்கும் தெரியாமல், ஒரே ஒரு சிப்பி எனக்காகப் போட்டிருந்தார்கள்.

வாசித்த இடத்துக்கே திரும்பி வந்து நின்றிருந்தேன். கிதார் தோளில் இருந்தது.

"ஒரே ஒரு கேள்வி" என்றேன். "முந்தின மூணு வருசமும் இப்படித்தான் போட்டீங்களா? பொம்பளப்பிள்ளை, பாவம், ஆசையா வாசிக்கான்னு?"

ஜெஸ்மி எழுந்தாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"என்னண்ணே பேசுதீங்க? அவளப் பாத்து எவன் பாவப்பட்டான்? மூணு வருசமும் நான் செவப்புலதான் போட்டேன். வீட்டுக்காரன் வாசிச்சான்னு இல்ல, அவ திமிருக்காகவே போட்டேன். போன வருசம் அவ ஜெயிச்சுட்டு என் முன்னால வந்து, 'சொல்லு, அண்ணாச்சின்னு சொல்லு'ன்னு நின்னா பாருங்க, அன்னைக்கு ராத்திரி நான் சோறு திங்கல. மாலினிக்கு எவனும் பிச்சை போடல. அவ எங்ககிட்ட இருந்து பிடுங்கினா."

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். எட்டு மாதத்தில் நிறையப் பேர் அவளைப் பற்றி என்னிடம் நல்லவிதமாகப் பேசினார்கள். தங்கமான பிள்ளை என்றார்கள். ஜெஸ்மி சொன்னதுதான் மாலினி.

"அப்ப எனக்கும் பிச்சை போடாதீங்க" என்றேன். "நான் பிடுங்கினாத்தான் உண்டு. அண்ணாச்சி, திரும்ப நடத்துங்க."

"விதியில இல்லையேப்பா" என்றார் ஞானையா அண்ணாச்சி.

"நாப்பத்தஞ்சு பேரு விதிய மீறியாச்சு. யாரு நல்லா வாசிச்சாங்கன்னுதான போடணும்?"

அவர் ஸ்டெபினைப் பார்த்தார். ஸ்டெபின் தலையசைத்தான். அவர் சிப்பிகளை ஒரு சாக்கில் கொட்டிக் குலுக்கினார். திரும்பவும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். "ஆண்டவர் பாத்துக்கிட்டு இருக்காரு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

இந்த முறை வரிசை மெதுவாக நகர்ந்தது. போய் வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டெபின் மட்டும் பார்த்தான். வெளியே வந்து என் எதிரில் நின்றான்.

"எனக்குத்தான் போட்டேன். சத்தியமா நல்லா வாசிச்சேன்லே."

"தெரியும். நானும் உனக்குத்தான் போட்டேன். ரெண்டு தடவையும்."

சிவப்பு முப்பத்தேழு. நீலம் ஒன்பது.

ஒன்பது யார் என்று நான் கேட்கவில்லை. ஒன்பது பேர் ஆண்டவர் பார்க்க, மனசாட்சிப்படி, இடது கையால் நாலு மாதம் பழகினவனின் வாசிப்பு நன்றாக இருந்தது என்று போட்டிருக்கிறார்கள். எனக்குப் போதும். அந்த இரண்டாவது நிமிடத்துக்காக இருக்கும். அது என்னுடையதில்லை.

மாலினியின் மூன்று வருடம் அப்படியே நின்றது. 24–19, 22–20, 26–21. தோற்றவன் நான். செந்தூர்வேல், 9–37.

கில்மோர் கட்சிக்கு மூன்று வருடம் கழித்து ஜெயித்தது உடம்பில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ஒருவன் விசிலடித்தான். ஒருவன் ஐஸ் தட்டுகிற இரும்புக் கம்பியால் தகரத்தில் அடித்தான். ஸ்டெபினைத் தூக்கினார்கள். ஜெஸ்மி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்தாள். மாலினி போன வருடம் நின்ற மாதிரியே இடுப்பில் கை வைத்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. வாயைத் திறந்தாள். தயங்கினாள்.

"சொல்லு ஜெஸ்மி" என்றேன்.

"உங்க ஆளு இருபத்தேழுலயே போயிட்டாரு" என்றாள். குரல் முதலில் உடைந்தது, பிறகு ஏறியது. "எங்க ஆளு இன்னும் வாசிக்காரு!"

தகரச் சத்தம் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இருபத்தேழுக்குள்ள எங்க ஆளு சொல்லி முடிச்சத" என்றேன், "எண்பது நெருங்கியும் உங்க கில்மோரு இன்னும் தேடிக்கிட்டுக் கெடக்காரு."

மாலினியின் பதில். சொல் மாறாமல் சொன்னேன்.

"ஏய், ஏய்!" ஞானையா அண்ணாச்சி வாளியை உயர்த்தி அதட்டினார். "தோத்தவன் எப்படிச் சொல்லணும்?"

கிதாரைத் தோளில் சரி செய்துகொண்டேன்.

"கில்மோர் அண்ணாச்சி" என்றேன், "இன்னும் தேடிக்கிட்டுக் கெடக்காரு."