துவைக்கக்கூடாத துணி

சலவைக்கடையில் அவனுக்குக் கஞ்சி என்று பெயர். கைக்குட்டைக்குக்கூடக் கஞ்சி போட்டு, மடிப்பில் விரல் கீறிக்கொள்ளும் அளவுக்கு இஸ்திரி தேய்க்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? அழுக்கைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. காபிக் கறை, மைக் கறை, ஹோட்டல் படுக்கை விரிப்புகளில் வரும் வெளியே சொல்ல முடியாத கறை, எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. தங்கமான மனிதன்தான். ஆனால் அவனோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு பெரிய பாடு என்று அவன் மனைவியைக் கேட்டால்தான் தெரியும். முகம் துடைத்த துண்டை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினால், துண்டு வாளிக்குள் ஊறிக்கொண்டிருக்கும்.

அவளுக்குத்தான் நாள் நிறையும் முன்பே வலி கண்டு, அவசர அவசரமாக ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற குழந்தை. ஒரு சின்ன அழுகைச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான், கீழ்மாடியில் இருந்த பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெற்றவள் குழந்தையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. மறுநாளே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விடுகிறவரை கீழே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, தாய் மேல்மாடியில், பிள்ளை கீழ்மாடியில், நடுவே லிப்டில் ஏறி இறங்க இவன்.

சும்மா ஏறி இறங்குவானா? வீட்டுக்கு ஓடிப் போய்ப் பை கட்டினான். கூடமாட உதவிக்கு மனைவியின் அண்ணன் வந்தார். டாக்சி ஓட்டுகிறவர். எதை வாங்கினாலும் பெரிதாக வாங்குகிற ஆள். குழந்தையைவிட இரண்டு மடங்கு பெரிய கரடி பொம்மையோடு வந்து நின்றார்.

"மச்சான், இதை எங்க வைக்கிறது?"

"பக்கத்துல படுக்க வைங்க மாப்ள. புள்ளைக்குத் தனியா இருக்கோமேன்னு தோணக் கூடாதுல்ல?"

ஜரிகை வைத்த கவுன்கள், பவுடர், வாசனை எண்ணெய், கிலுகிலுப்பை, தலையணை என்று ஒன்றுவிடாமல் அடுக்கினான். கவுன்கள் அத்தனையும் துவைத்து, தேய்த்து, கடையில் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற மாதிரி கண்ணாடிக் கவரில் போட்டவை. பை மூட மாட்டேன் என்று அடம்பிடித்தது. மச்சான் மேலே உட்கார்ந்து மூடினார்.

பிரிவின் வாசலில் ஒரு நர்ஸ் அந்தப் பையைத் திறந்து பார்த்தாள். நடுவயது, கொஞ்சம் கனத்த குரல். சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

"அப்பா, கல்யாணத்துக்கா கிளம்பியிருக்கீங்க?"

தன்னைத்தான் அப்பா என்கிறாள் என்று புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. அதுவரை அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த அம்மாளை வாழ்நாள் முழுக்க மறக்கக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தான்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். கவுன் போட்டால் நெஞ்சில் ஒட்டியிருக்கும் ஒயர்களைப் பார்க்க முடியாது. பவுடர், வாசனை எண்ணெய் வேண்டவே வேண்டாம். தலையணையும் பொம்மையும் குழந்தை இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் கூடாது. மிஞ்சியது ஒரு பருத்திக் குல்லாயும் சின்னச் சின்ன நாப்கின்களும்.

"பாப்பாவுக்கு வேண்டியதை நாங்க பாத்துக்கிறோம். உங்களுக்கு வேண்டியதைத்தான் நீங்க மறந்துட்டீங்க. உள்ள ஏசி குளிரும், ஒரு ஸ்வெட்டர் கொண்டு வாங்க. தண்ணி பாட்டில், போன் சார்ஜர், கால் வலிக்காத செருப்பு. அம்மாவுக்கு முன்பக்கம் பட்டன் வச்ச சட்டை நாலஞ்சு. சாப்பிட ஏதாவது கையில வச்சுக்கோங்க, மயங்கி விழுந்தா உங்களுக்கு இங்க பெட் கிடையாது." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவள்போல, "உள்ளங்கை அகலத்துக்கு மெத்துன்னு ரெண்டு துணியும் வேணும்," என்றாள்.

அந்தத் துணி எதற்கு என்று நின்று நிதானமாகச் சொன்னாள். ஒன்று குழந்தையின் தலைமாட்டில் இருக்கும். இன்னொன்றை அம்மா நெஞ்சோடு வைத்துக்கொள்வாள். நாளுக்கு ஒருமுறை இரண்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அம்மாவின் வாசம் பிள்ளைக்கு வரும், பிள்ளையின் வாசம் அம்மாவுக்குப் போகும். பார்க்க முடியாவிட்டாலும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வார்கள். பால் ஊறவும் அது உதவும்.

பால்தான் அப்போது பெரிய கவலையாக இருந்தது. மேலே அவள் பம்பை வைத்து இழுத்து இழுத்துப் பார்க்கிறாள், பாட்டிலின் அடி நனையக்கூட வரவில்லை. குழந்தைக்கு ஆஸ்பத்திரியின் பால் வங்கியிலிருந்து எடுத்துக் குழாய் வழியே கொடுத்தார்கள். யாரோ ஒரு தாய் கொடுத்துவிட்டுப் போனது. பெயர் தெரியாத அந்தப் பெண்ணை அவன் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டான். மனைவிக்கும் நன்றி இருந்தது. ஆனால் அவளுக்கு அதோடு ஒரு பயமும் இருந்தது.

"மூஞ்சியும் காட்டல, பாலும் குடுக்கல. நான்தான் அம்மான்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?"

"அதுக்குத்தான் துணி," என்று அவன் பெருமையாகச் சொன்னான்.

சொன்னவன் செய்த காரியத்தைக் கேளுங்கள். மறுநாள் சாயந்திரம் அவள் நெஞ்சில் வைத்திருந்த துணியை எடுத்துக் கொடுத்தாள். கசங்கி, வியர்த்து, ஓரத்தில் மருந்து நெடியோடு இருந்தது. அதை அப்படியே கொண்டுபோய்ப் பச்சைக்குழந்தை பக்கத்தில் வைப்பதா? உள்ளே போகிற எல்லாமே சுத்தமாக இருக்க வேண்டும் என்று வாசலில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்களே. வீட்டுக்குக் கொண்டு போனான். வெந்நீரில் ஊறப்போட்டு, அலசி, காயவைத்து, தேய்த்து, கவரில் போட்டு, காலையில் வாசலில் இருந்தவர்களிடம் கொடுத்தான். குழந்தையின் தலைமாட்டில் இருந்த துணியை வாங்கிக்கொண்டான். அதில் எச்சில் பட்ட மஞ்சள் கறை ஒன்று இருந்தது. மேலே வார்டில் பார்வை நேரம் சாயந்திரம்தான். இடையில் கடைக்குப் போகத்தான் வேண்டும். கடையில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

சாயந்திரம் மனைவி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள். காய்ச்சல் குறைந்திருந்தாலும் முகம் இன்னும் வாடித்தான் இருந்தது. அவன் கவரைப் பிரித்து, பளீரென்று இருந்த துணியை இரண்டு கையாலும் நீட்டினான். அவள் வாங்கிய வேகத்தில் முகத்தோடு சேர்த்து அழுத்தி மூச்சை உள்ளே இழுத்தாள். பிறகு துணியை விலக்கிப் பார்த்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"துவைச்சீங்களா?"

"பின்ன? கறையா இருந்துச்சு."

அவள் துணியை மடியில் போட்டுவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது. அந்தக் கறைக்காகத்தான் அவள் காலையிலிருந்து காத்திருந்தாள். தூக்கி வாரிப் போட்டது அவனுக்கு.

"நேத்து நான் குடுத்தது?" என்றாள்.

"அதுவும்தான்."

"கஞ்சி போட்டீங்களா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். "கொஞ்சமா," என்றான்.

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது," என்று அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றது. அழுகை நிற்கவில்லை. பம்பும் காலிப் பாட்டிலும் மேசைமேல் கிடந்தன. அவன் எழுந்து, எங்கே போகிறோம் என்றுகூடச் சொல்லாமல், லிப்டுக்குக் காத்திருக்கவும் பொறுமையில்லாமல், படியில் இறங்கினான்.

கீழே அந்த நர்ஸ் டூட்டி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தாள். தோளில் கைப்பை ஏறிவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் ஒப்புவித்தான்.

"ஓ, அது உங்க வேலையா?" என்றாள். "விறைப்பா அட்டை மாதிரி இருந்துச்சேன்னு நான் உள்ள வைக்கவே இல்ல. வேற எதையோ மாத்திக் குடுத்துட்டாங்கன்னு நினைச்சேன்."

அவன் திட்டை எதிர்பார்த்து நின்றான். அவளோ அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பையைத் திரும்பவும் கழற்றி வைத்தாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வீட்டில் அவளுக்கும் ஆட்கள் காத்திருந்திருப்பார்கள்.

"பாப்பாவை நெஞ்சோட வச்சுக்கலாம்னு டாக்டர் இன்னைக்குச் சொல்லிட்டார். அம்மா வரட்டும்னு இருந்தோம். நீங்க வாங்க. பனியனைக் கழட்டிட்டுச் சட்டையை மட்டும் போட்டுக்கோங்க, பட்டன் போட வேண்டாம்."

"நான் கடையிலேர்ந்து அப்படியே வந்திருக்கேன் சிஸ்டர். அழுக்கா இருக்கேன்."

"முழங்கை வரைக்கும் கழுவுங்க, நெஞ்சைத் தண்ணியில நனைச்சுத் துடைங்க. போதும். உங்க கடை சோப்பை மட்டும் போட்டுடாதீங்க."

சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒயர்களையும் குழாயையும் ஒருத்தி பிடித்துக்கொள்ள, நர்ஸ் குழந்தையைத் தூக்கி அவன் நெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, சட்டையின் இரு பக்கத்தையும் இழுத்து மூடி, மேலே ஒரு போர்வை போட்டாள். கனமே இல்லை. சூடு மட்டும் இருந்தது. அந்தச் சின்ன முதுகு ஏறி இறங்குவது அவன் விலா எலும்பில் தெரிந்தது. மூச்சு விட்டால் அவளுக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று இவன் மூச்சை அடக்கினான். "மூச்சு விடுங்கப்பா, அவளுக்கு அதுதான் தாலாட்டு," என்றாள் நர்ஸ். விட்டான். குழந்தை முகத்தை இப்படியும் அப்படியும் தேய்த்து, அவன் சட்டையில் ஒரு வாய் கக்கிவிட்டுத் தூங்கிப்போனது.

சட்டையில் கறை பரவுவதை அவன் பார்த்தான். கை தன்னால் துடைக்கப் போகவில்லை. உலகத்தில் இதைவிட நல்லது ஒன்று தனக்கு நடந்ததில்லை என்று தோன்றியது. தோன்றியதை நர்ஸிடம் வாய்விட்டே சொன்னான். அவள், "சரி சரி, ஆடாம உக்காருங்க," என்றாள்.

குழந்தையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்ததும் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு, பனியனைக் கையில் சுருட்டிக்கொண்டு மேலே ஓடினான். பார்வை நேரம் முடிந்துவிட்டது. வார்டு வாசல் காவலாளியிடம், "அண்ணே, என் பொண்ணு என்மேல கக்கிட்டா, அவ அம்மாகிட்டக் காட்டணும்," என்றான். எத்தனையோ சாக்கு கேட்டுப் பழகிய அந்த மனிதர் ஒருகணம் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு வழி விட்டார்.

கட்டில் அருகே போய்க் குனிந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தைப் புதைத்தாள். நெஞ்சில், கறை இருந்த இடத்தில், மறுபடி நெஞ்சில். வெகுநேரம் முகத்தை எடுக்கவில்லை.

"புளிச்ச பால் வாசம் அடிக்குது," என்றாள் உள்ளேயிருந்தபடியே.

"ஆமா."

"தலையில என்ன வாசம் அடிச்சுச்சு?"

"எனக்குச் சொல்லத் தெரியல. இதேதான், இன்னும் கொஞ்சம் இளசா."

"கழட்டுங்க."

சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனை மாட்டிக்கொண்டான். அவள் அதைச் சுருட்டிக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, பம்பை எடுக்கச் சொன்னாள். முதலில் ஒன்றுமில்லை. அவள் கண்ணை மூடி, சட்டையில் மூக்கை வைத்தபடி இருந்தாள். அவன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டான். சொட்டு விழுந்தது. இன்னொன்று. பிறகு சொட்டு கோடாகி, பாட்டிலின் அடி மறைந்து, விரல் அளவுக்கு ஏறியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேய்க்காத சட்டையோடு தெருவாசலில்கூட நிற்காதவன், வெறும் பனியனோடு, பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஆஸ்பத்திரி நடுவே நடந்து போனான். காவலாளிக்கு நன்றி சொன்னான். லிப்டில் இடம் விட்டவர்களுக்குச் சொன்னான். தரை துடைத்துக்கொண்டிருந்தவர் துடைப்பானை ஒதுக்கியதற்கும் சொன்னான்.

நர்ஸ் இன்னும் போகவில்லை. அவனுக்கு ஆஸ்பத்திரிக் கவுன் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டு, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குழாயில் விடுவதற்கு முன் ஒரே ஒரு சொட்டை எடுத்துக் குழந்தையின் உதட்டில் வைத்தாள். உதடு அசைந்தது. சிவந்த நாக்கு நுனி வெளியே வந்து, தடவி, உள்ளே போய், திரும்பவும் வந்து தேடியது.

அவன் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான். "குடிச்சாளா?" என்றது மனைவியின் குரல். அவன் போனைக் குழந்தையின் உதட்டுப் பக்கம் நீட்டினான். நர்ஸ் போனை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"உங்க பொண்ணு இன்னும் கேக்குறாம்மா," என்றாள்.