கருகலின் கழுத்துப் பட்டை

என் சித்தி நாய்களைப் பழக்குகிறவள். கம்பி வேலி போட்ட ஒரு காலி மனையில் அவளுடைய வேலை நடக்கிறது. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதும் அம்மா என்னை அவளிடம் அனுப்பி வைத்தாள். வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டால் எனக்கு விடை தெரியும், வாய்தான் திறக்காது. எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். "சீக்கிரம் சொல்லு" என்பார் ஆசிரியை. அதோடு தெரிந்ததும் மறந்து போகும். ஒருநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். அவ்வளவுதான்.

சித்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நாய்ங்களும் பேசாது, நீயும் பேச மாட்ட. மொத்த ஊருக்கும் சேர்த்து நான்தான் கத்தணும்," என்று சொல்லிக் கையில் துடைப்பத்தைக் கொடுத்தாள். அன்றைக்கே எனக்கு வாயாடி என்று பெயரும் வைத்துவிட்டாள்.

கூண்டுகளைக் கழுவுவது, தண்ணீர் வைப்பது, சாயங்காலம் ரிமோட் பட்டைகளுக்குச் சார்ஜ் போடுவது, இவை என் வேலை. ரிமோட் பட்டை என்பது நாயின் கழுத்தில் மாட்டுவது. உள்பக்கம் இரண்டு சின்ன உலோக முனைகள் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ரிமோட் நம் கையில் இருக்கும். பொத்தானை அமுக்கினால் முனைகளில் சுரீரென்று கரண்ட் வரும். எவ்வளவு வர வேண்டும் என்பதற்கு ஒரு திருகும் உண்டு.

இந்தப் பட்டைகளைப் பற்றிச் சித்திக்கு ஒரு சட்டம் இருந்தது. நாயின் கழுத்தில் மாட்டும் முன் அதன் சொந்தக்காரர் தன் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். வாங்கிப் பார்க்காதவருக்குக் கொடுக்க உரிமை இல்லை என்பாள். பெரிய மீசைக்காரர்கள்கூடக் கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

ரொட்டிக்காரர் அப்படித்தான் வந்தார். நாலு தெரு தள்ளி அவருக்கு ரொட்டிக்கடை. அடுப்பு பின்கட்டில், விற்பனை முன்பக்கம். அவர் நாய்க்குக் கருகல் என்று பெயர். ஓரம் தீய்ந்த ரொட்டியின் நிறம்.

"இவன் மட்டும் அடுப்புல கொஞ்சம் கூடுதலா இருந்துட்டான்," என்று அறிமுகப்படுத்தினார். சித்தி சிரித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

கருகலிடம் ஒரே குறைதான். கடைக்கதவு திறந்திருந்தால் சிட்டாய்ப் பறந்து ரோட்டுக்குப் போய்விடும். கூப்பிட்டால் திரும்பாது. ஒருநாள் அது குறுக்கே பாய்ந்ததில் சைக்கிளில் வந்த ஒருவர் விழுந்து கையை முறித்துக்கொண்டார். ரொட்டிக்காரரின் மனைவி அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

"அடுத்த தடவ சைக்கிளா இருக்காது, லாரியா இருக்கும். அப்ப ரோட்டுல கிடக்கறத நான்தான் போய் அள்ளணும்," என்று கூட வந்திருந்த மனைவி சித்தியிடம் சொன்னார். "இந்த மாசக் கடைசிக்குள்ள கூப்பிட்டா வரணும். வரலன்னா என் தம்பியோட கிடங்குக்கு அனுப்பிடுவேன். அங்க சங்கிலியில கட்டிப் போட்டுருவான். கட்டிக் கிடந்தாலும் உயிரோட கிடக்கும்ல?"

ரொட்டிக்காரர் கருகலின் காதை விரலால் மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

சித்தி அவர் மணிக்கட்டில் பட்டையைக் கட்டித் திருகைச் சின்ன எண்ணில் வைத்து அமுக்கினாள். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு," என்றார். "அது போதும்ணே," என்றாள் சித்தி. "பட்டை பகல் முழுக்கக் கழுத்துல இருக்கட்டும். ரிமோட் உங்ககிட்ட இருக்கட்டும். வாசலத் தாண்டுறப்ப மொதல்ல பேர் சொல்லிக் கூப்பிடுங்க. வரலன்னா மட்டும் ஒரு அமுக்கு. திரும்பி வந்ததும் கொஞ்சித் தட்டிக் குடுங்க."

சார்ஜ் போடும் பலகை எங்களிடம்தான் இருந்தது. அதனால் காலையில் நான் கடைக்குப் போய்ப் பட்டையைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வாங்கி வருவேன். ஒவ்வொரு முறையும் ரொட்டிக்காரர் ஒரு சின்ன ரொட்டியைக் காகிதத்தில் சுற்றித் தருவார். "நன்றி" என்று சொல்ல எனக்கு வராது. தலையை ஆட்டுவேன். அவரும் அதே மாதிரி தலையை ஆட்டுவார். எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான், ஆனால் அதில் குறை எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

பட்டை சாயங்காலம் வரும்போது சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்திருக்கும். மற்ற நாய்களின் பட்டைகள் மூன்று நாள் தாங்கும். இது ஒரே பகலில் செத்துவிடும்.

"இன்னிக்கு எத்தன தடவ அமுக்கினீங்கண்ணே?" என்று சித்தி போனில் கேட்டாள்.

"ரெண்டு தடவ இருக்கும்மா. அதுக்கே மனசு கேக்கல."

"பேட்டரி பழசாயிருக்கும்," என்றாள் சித்தி என்னிடம். நான் வேறு பட்டையை மாற்றினேன். அதுவும் சாயங்காலம் செத்து வந்தது.

கருகலோ நாளுக்கு நாள் மோசமானது. முன்பு கதவு திறந்தால்தான் ஓடும். இப்போது கதவைப் பிறாண்டித் திறந்துகொண்டு ஓடியது. மனைக்குக் கூட்டி வந்தால் என்னிடம் வரும், சித்தியிடம் வரும், தபால்காரரிடம்கூட வாலாட்டிக்கொண்டு போகும். ரொட்டிக்காரர் கூப்பிட்டால் மட்டும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அவர் முட்டிபோட்டு உட்கார்ந்து கைகளை விரித்தபடி இருப்பார். அது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும்.

"பிடிவாதம்," என்றாள் சித்தி. "திருக இன்னும் கொஞ்சம் ஏத்துங்கண்ணே."

எனக்கு அது பிடிவாதமாகத் தெரியவில்லை. எழுப்பி நிறுத்தப்பட்டவளின் நிலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது?

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. தம்பியின் வேன் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வேன் வரும்வரை நாய் ஓடாமலிருக்க விடிகாலையில் வழக்கம்போல் நான் பட்டையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்; அதையும் ரிமோட்டையும் திரும்ப வாங்கச் சித்தியும் நானும் போனோம். சித்தி கையில் ஒரு நாய் தோற்பது அபூர்வம்.

பின்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஞாயிறானாலும் ரொட்டி வேக வேண்டும். ரொட்டிக்காரர் முகத்தைக் காட்டாமல் வேலை செய்தார். அவர் மனைவி மூலையில் கருகலின் தட்டையும் பழைய கம்பளியையும் ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தார். கம்பளியை மடிப்பார், உதறுவார், மறுபடி மடிப்பார்.

"பட்டையக் கழட்டு வாயாடி," என்றாள் சித்தி. நான் மாவு மேசைக்கு அடியில் புகுந்து கருகலின் கழுத்திலிருந்து அதைக் கழற்றினேன். முனைகள் பட்ட இடத்தில் முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. பட்டையைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். கருகல் என் முழங்காலில் தாடையை வைத்தது.

ரொட்டிக்காரர் அடுப்பைத் திறந்து பெரிய தட்டை இழுத்தார். கருகலின் உடம்பு மொத்தமும் இறுகியது. அவர் தட்டைத் தூக்கினார். என் உள்ளங்கையில் சுரீர் என்றது.

பட்டையைக் கீழே போட்டுவிட்டேன். யாரும் ரிமோட்டை எடுக்கவில்லையே? சித்தி கதவோரம் கைகட்டி நின்றாள். ரொட்டிக்காரரின் இரண்டு கையிலும் தட்டு இருந்தது.

பட்டையை மறுபடி எடுத்து முனைகளை விரலால் பிடித்தேன். அடுத்த தட்டு வந்தது. கருகல் முதலில் ஒடுங்கியது. பிறகு என் விரலில் சுரீர். அதற்குள் அது எழுந்து கதவருகே போய்ப் பிறாண்டத் தொடங்கியிருந்தது, கழுத்தில் பட்டை இல்லாமலே.

தட்டு கனமானது. ரொட்டிக்காரர் அதன் விளிம்பைத் தன் வயிற்றில் முட்டுக்கொடுத்துத்தான் தூக்குவார். வயிற்றின் மேல் மேலங்கி. மேலங்கியின் முன்பையில் ரிமோட்.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. "அக்கா! வண்டி ரோட்ட மறைச்சிட்டு நிக்குது, சீக்கிரம்!" என்று தம்பியின் குரல் கேட்டது. ரொட்டிக்காரரின் மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கருகலின் கயிற்றை எடுத்தார்.

நான் பட்டையை என் மணிக்கட்டில் கட்டினேன். ஒரே கையால் கொக்கியை மாட்ட வரவில்லை; பல்லால் இழுத்து மாட்டினேன். பிறகு எழுந்து அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"என்ன பண்ற நீ?" என்றாள் சித்தி.

வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

ஹாரன் மறுபடி அடித்தது. ரொட்டிக்காரரின் மனைவி வாசல் பக்கம் திரும்பி, "கொஞ்சம் இருடா! இங்க பொண்ணு ஏதோ சொல்ல வருது!" என்று கத்தினார். அப்புறம் கயிற்றைத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ரொட்டிக்காரரும் பார்த்தார். சித்தியும் பார்த்தாள். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடச் சீக்கிரம் சொல்லு என்று சொல்லவில்லை. அடுப்புக்குள் ரொட்டி நிறம் மாறிக்கொண்டிருந்தது; அதைப் பார்க்கக்கூட ரொட்டிக்காரர் திரும்பவில்லை.

"தட்டு," என்றேன். "தட்டத் தூக்குங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கடைசித் தட்டை இழுத்து, வயிற்றில் முட்டுக்கொடுத்துத் தூக்கினார். என் கை வெடுக்கென்று மேலே துள்ளியது. நான் நிறுத்த முயன்றும் நிற்கவில்லை.

சித்தி இரண்டே எட்டில் அவரிடம் போய் முன்பைக்குள் கைவிட்டு ரிமோட்டை எடுத்தாள். பொத்தானை அமுக்கும்போது எரியும் அதன் சின்ன விளக்கு அப்போதுதான் அணைந்தது.

"ஐயோ," என்றாள்.

ரொட்டிக்காரரின் மனைவிக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் தோளில் கிடந்த துண்டை உருவிக் கணவரின் வயிற்றில் ஒரு அடி வைத்தார். "தொப்பையக் குறைங்க, குறைங்கன்னு எத்தன வருஷமா சொல்றேன்! இந்தத் தொப்பைதான் எம்புள்ளைய ரோட்டுக்குத் துரத்தியிருக்கு!" சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டே இன்னொரு அடியும் வைத்தார்.

ரொட்டிக்காரர் தட்டை மேசையில் வைத்தார். என் மணிக்கட்டிலிருந்து பட்டையை அவரே அவிழ்த்தார். மாவு படிந்த தன் கழுத்தில் முனைகளை வைத்துப் பிடித்துக்கொண்டு, "அமுக்கும்மா," என்றார் சித்தியிடம்.

"வேணாம்ணே. திருகு இப்ப ரொம்ப மேல இருக்கு."

"அதான் கேக்கறேன். அமுக்கு."

சித்தி அமுக்கினாள். அவர் தோள் காதுவரை ஏறி இறங்கியது. மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"வெந்த ரொட்டி வாசனை வர்றப்பெல்லாம், என் மூஞ்சியப் பாக்கறப்பெல்லாம், இது," என்றார். "நான் கூப்பிட்டா அது எதுக்கு வரும்?"

"உங்க தப்பு இல்லண்ணே," என்றாள் சித்தி. "கையில வச்சுக்கங்கன்னு சொல்லாம உங்ககிட்ட இருக்கட்டும்னு சொன்னேன். ரெண்டு கையும் தட்டுக்கே சரியா இருக்கற ஆளுகிட்ட. போதாததுக்குத் திருக ஏத்துங்கன்னும் சொன்னேன். என் தப்பு." அவள் தப்பு என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஹாரன் மூன்றாவது முறை அடித்தபோது ரொட்டிக்காரரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். "நாய் வரல. நாலு ரொட்டி தர்றேன், எடுத்துக்கிட்டுக் கிளம்பு," என்று அவர் சொன்னது உள்ளே எங்களுக்குக் கேட்டது.

அதன்பின் சித்தி எந்தப் பட்டையையும் மனைக்கு வெளியே கொடுப்பதில்லை. தேவைப்படும் நாய்க்கு அவளே, அவள் கையாலேயே, அவள் கண் முன்னால். கருகலுக்கு அதுவும் இல்லை. நீளக் கயிறும் ரொட்டி ஓரங்களும்தான். முதலில் ரொட்டிக்காரர் வெறுங்கையோடு தரையில் உட்கார்ந்திருப்பார். பிறகு காலித் தட்டோடு உட்காருவார். பிறகு காலித் தட்டோடு நிற்பார். தட்டு நகரும்போதெல்லாம் கருகலின் முன்னால் ஒரு ரொட்டித் துண்டு விழும். அதைப் போடுவது என் வேலை. சித்தி நேரம் கிடைக்கும்போதெல்லாம் என்னை அங்கே அனுப்பி வைத்தாள். "போ வாயாடி, உன் கூட்டாளி காத்துக்கிட்டிருப்பான்."

மழை விட்ட ஒரு காலையில் அது நடந்தது. கடைக்கு வந்த யாரோ கதவைச் சாத்தாமல் போய்விட்டார்கள். தெருவில் ஒரு பூனை. கருகல் மேசைக்கடியிலிருந்து பாய்ந்தது. கயிறு அப்போது கட்டியிருக்கவில்லை. ரொட்டிக்காரர் தட்டும் கையுமாக அடுப்பருகே நின்றார்.

"கருகல்," என்றார். கத்தவில்லை. வீட்டில் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்.

வாசற்படியில் முன்னங்கால்கள் வெளியே, பின்னங்கால்கள் உள்ளே என்று அது நின்றது. ரோட்டைப் பார்த்தது. திரும்பித் தட்டைப் பார்த்தது. அதன் காதுகள் பின்னால் போயின. பிறகு அது தலையைத் தாழ்த்திக்கொண்டு, ஒவ்வொரு காலாக, அவரை நோக்கி வந்தது. ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தது.

"வந்துட்டான்ங்க," என்றார் மனைவி, குரலே எழும்பாமல்.

ரொட்டிக்காரருக்குத் தட்டை இறக்கி வைக்கத் தைரியம் வரவில்லை. அசைந்தால் ஓடிவிடுமோ என்ற பயம். சூடு துணியைத் தாண்டிக் கையில் ஏறிக்கொண்டிருந்தது. அப்படியே நின்றார், முகம் முழுக்க ஒரு சிரிப்பு.

நான் மெதுவாகப் போய்த் தட்டின் மறுமுனையைத் துணி வைத்துப் பிடித்தேன்.

"நன்றிம்மா," என்றார் அவர்.

"நன்றி," என்றேன் நானும். அன்றைக்கு எரியும் அடுப்பைக்கூடப் பார்க்காமல் எனக்காகக் காத்திருந்தாரே, அதற்கு. அவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, இரண்டு பேரும் சேர்ந்து தட்டை மேசைமேல் இறக்கினோம். கருகல் எழுந்து போகவில்லை.