முன்கால் ஊன்றும் இடம்

பந்து வீசுகிறவளின் கையைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். அந்தத் தொழிற்சாலையின் பேஸ்பால் மைதானத்தில் காலைப் பார்க்கிறவள் ஒருத்திதான். மைதானத்தைப் பராமரிக்கிற வேலை அவளுக்கு. நடுவில் ஒரு சாண் உயரத்துக்குக் களிமண் மேடு ஒன்று உண்டு. அதன் உச்சியில் பதித்த வெள்ளைப் பலகையைப் பின்காலால் உந்தி, முன்காலைச் சரிவில் ஊன்றி, அங்கிருந்துதான் பந்தை வீச வேண்டும். நாள் முழுக்க ஆணிச் செருப்புகள் அந்த மேட்டைக் குதறிவிட்டுப் போகும். சாயங்காலம் இவள் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, பிள்ளைக்குத் தலை வாரி விடுகிற மாதிரி அதை ஒழுங்குபண்ணுவாள். அதனால் மேட்டக்கா என்றே அவளுக்குப் பேர் நிலைத்துவிட்டது.

மண்ணில் விழுந்த குழியைப் பார்த்தே அன்றைக்கு யார் வீசினார்கள் என்று சொல்லிவிடுவாள். பெண்கள் அணியில் வீச்சாளர்கள் இரண்டே பேர். ஒருத்தி நெட்டை; பலகையிலிருந்து மேட்டக்காவின் பாதத்தால் ஏழு பாதம் தள்ளிக் காலை ஊன்றுவாள். இன்னொருத்தி மேட்டக்காவின் கூடப்பிறந்த தங்கை, சின்னவள். பகலில் பெட்டி கட்டும் பிரிவில் வேலை, மாலையில் பந்து. அவளுக்கு ஆறு பாதம். ஒரு விரல் கூடாது, குறையாது.

மூன்று மாதத்துக்கு முன்னால் சின்னவள் வீட்டு மாடிப்படியில் வழுக்கி இடது கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். வீசும்போது முன்னால் ஊன்றுகிற கால் அதுதான். மூன்று வாரம் கட்டு. கட்டுப் பிரித்து மேட்டில் ஏறிய முதல் நாள், காலை ஊன்றிய கணத்தில் அவள் முகம் சுண்டிப்போனதை அக்காக்காரி பார்த்துவிட்டாள்.

"வலிக்குதாடி?"

"ஒண்ணுமில்லக்கா. நீ உன் மண்ணைப் பாரு."

மண்ணைத்தான் பார்த்தாள். அன்று சாயங்காலம் ஆறாம் பாதத்தில் இருந்த குழியை இடிக்கவில்லை. களிமண்ணோடு ஒரு வாளி மணலைக் கலந்து பொலபொலவென்று நிரப்பி, மேலே மட்டும் மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசிவிட்டாள். மறுநாள் சின்னவள் முகம் சுண்டவில்லை. பிறகென்ன, தினமும் அதே வேலைதான். ஊருக்குச் சொல்லிக்கொண்டு செய்கிற காரியமா அது? படுத்திருக்கிறவளுக்குத் தலையணையைச் சரிசெய்கிற மாதிரி. நெட்டைக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. அவள் கால் இந்த மணல் மெத்தையைத் தாண்டித்தான் விழும்.

ஆனால் சின்னவளின் பந்து வேகம் குறைந்துபோயிற்று. முன்பெல்லாம் வேகம் காட்டும் கருவியில் நூற்று நாலு கிலோமீட்டர் விழும். இப்போது தொண்ணூற்றாறைத் தாண்டினால் பெரிய காரியம். பயிற்சியாளர் நல்ல மனிதர்தான், ஆனால் சொன்ன சொல்லை மாற்ற மாட்டார். சனிக்கிழமை ஆளுக்குப் பத்துப் பந்து, அதில் ஒன்றாவது நூறைத் தொட வேண்டும், தொடாதவள் இந்தப் பருவத்துக்கு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். நெட்டை பயிற்சியிலேயே நூறை எப்போதோ தொட்டாயிற்று. மிச்சம் இருந்தது சின்னவள்தான்.

மூன்று வாரம் சும்மா இருந்ததில் கை சோர்ந்துவிட்டது என்று சின்னவள் முடிவுகட்டினாள். கதவுக் கைப்பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுத்தாள். எல்லாரும் போனபின்னும் வலையில் ஐம்பது அறுபது பந்து தனியாக எறிந்தாள். வேகம் ஏறவில்லை. புதன்கிழமை சாயங்காலம் மேட்டக்கா வீட்டுக்கு வந்தபோது, தங்கை அடுப்படியில் நின்று ஒரு துண்டில் ஐஸைச் சுற்றி முழங்கையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முனையைப் பல்லால் பிடித்திருந்தாள்.

"என்னடி இது?"

"வெயில் ஜாஸ்தியா இருக்கில்ல, குளிர்ச்சிக்கு."

"குளிர்ச்சிக்கு முழங்கைக்கு மட்டும் ஐஸ் வைக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன். கொண்டா, நான் கட்டறேன்."

கட்டும்போது முழங்கையின் உள்பக்கத்தை விரலால் லேசாகத் தொட்டாள். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"சனிக்கிழமை வரைக்கும் தாங்கினா போதும்க்கா. யார்கிட்டயும் சொல்லிடாத."

வியாழக்கிழமை பயிற்சியாளர் கல்லூரியிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார். உடம்பு எப்படி அசைகிறது என்று படம்பிடித்து அளப்பது அவள் படிப்பு. சின்னவளின் தோள், இடுப்பு, முட்டி, கணுக்கால் எங்கும் பளபளவென்று பொட்டு ஒட்டிவிட்டாள். "கல்யாணப் பொண்ணு கெட்டா போ" என்றாள் நெட்டை. மூன்று கேமராக்கள் சுற்றி நின்றன. மேட்டக்கா குழாயைப் பிடித்துப் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே காதை அந்தப் பக்கம் வைத்திருந்தாள்.

"உங்க கையில ஒரு குறையும் இல்ல," என்றாள் கேமராக்காரப் பெண். "சொல்லப்போனா அளவுக்கு மேலயே வேலை செய்யுது. கால் செய்ய வேண்டியதையும் சேத்து அதுதான் செய்யுது."

"கால்ல என்ன வேகம் இருக்கு? பந்து கையிலல்ல இருக்கு?" என்றாள் சின்னவள்.

"பஸ்ல நின்னுக்கிட்டுப் போறீங்க. டிரைவர் சட்டுனு பிரேக் போட்டா என்ன ஆகும்?"

"முன்னால உக்காந்திருக்கிறவர் மடியில போய் விழுவோம்."

"அதேதான். உங்க முன்கால்தான் பிரேக். அது விறைப்பா நின்னாத்தான் இடுப்பு சுத்தும், இடுப்பு மார்பைத் தூக்கி எறியும், மார்பு தோளை, தோள் கையை. கடைசியில நிக்கிறது பந்து, அதுதான் பறக்கும். உங்க பிரேக் பிடிக்கல. இங்க பாருங்க. கால் ஊணினதுக்கு அப்புறம் நாலு விரல் முன்னால வழுக்குது, முட்டி மடங்குது. இருக்கிற வேகமெல்லாம் மண்ணுக்குள்ள போயிடுது. அதை ஈடுகட்டத்தான் முழங்கையைப் பிடிச்சு இழுக்கறீங்க. இப்படியே போனா முழங்கை ரொம்ப நாள் தாங்காது." கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: "கணுக்கால்ல இன்னும் வலியா?"

"இல்லையே. அது நல்லா ஆயிடுச்சு. ஊணும்போது தெரியறதே இல்ல."

தெரியாது. எப்படித் தெரியும்? மேட்டக்கா குழாயை நகர்த்த மறந்தாள். குழாய்த் தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டிக் குளமாகி, அவள் செருப்பே மூழ்கிப்போனது. நாலு விரல். அந்தக் குழியில் அவள் நிரப்புகிற மணலும் நாலு விரல் ஆழம்தான்.

சாயங்காலம் எல்லாரும் போனதும் திமிசுக்கட்டையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். மணலைச் சுரண்டி எறிந்தாள். நல்ல களிமண்ணைப் போட்டாள். இடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. மண்ணில் கைவைத்ததற்குப் பயிற்சியாளரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளவும் வேண்டாம். இரண்டு இடி இடித்தாள். மூன்றாவதுக்குக் கட்டையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு மாதமாக மெத்தையில் இறங்கிப் பழகின கால். நாளைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் அதைக் கல்லில் இறங்கவிடுவதா? செய்ததும் தெரியாமல், எடுத்ததும் தெரியாமல், தங்கை தன் உடம்பைத்தானே சந்தேகப்படுவாள். கட்டையை அங்கேயே சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

சின்னவள் ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அதை விடு. உக்காரு. உன் கால் வழுக்கலடி. நான்தான் வழுக்க வச்சேன்."

மேட்டக்கா மணல் கலந்ததை முழுக்கச் சொல்லி முடித்தாள். சின்னவள் பட்டையைக் கைப்பிடியிலிருந்து அவிழ்த்து, நிதானமாகச் சுருட்டினாள்.

"ரெண்டு மாசமாவா?"

"ம்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை தவிர."

"ஞாயித்துக்கிழமை லீவு விட்டியாக்கும். பெரிய மனசு." சிரிக்கவில்லை. "நான் என் கையைத் திட்டிக்கிட்டு இருந்தேன்க்கா. ராவும் பகலும். நீ பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்த."

"எனக்குத் தெரியாதுடி. நீ முகத்தைச் சுளிச்ச. என்னால பாக்க முடியல."

"முகம் என்னோடதுதானே? சுளிச்சா சுளிச்சுட்டுப் போறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அன்று இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழம்பைச் சின்னவள் தானே எடுத்து ஊற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மேட்டக்கா பயிற்சியாளரிடமும் போய் ஒளிக்காமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை வருஷத்துல மேட்டுல கல்லு இருக்குன்னு புகார் வந்திருக்கு. பாசம் இருக்குன்னு வந்ததில்ல," என்றார். இனிமேல் கேட்காமல் ஒரு பிடி மண்ணைக்கூட மாற்றக் கூடாது என்று கண்டித்தார். சனிக்கிழமைப் பரீட்சையைத் தள்ளிவைக்க முடியாது என்றார். அவள் கேட்கவும் இல்லை.

"எனக்கும் ஒரு மெத்தை போட்டுக் குடுங்கக்கா, இடுப்பு வலிக்குது," என்று நெட்டை சீண்டினாள். யாராவது அன்றைக்குச் சிரித்தாக வேண்டியிருந்தது, அவளே சிரித்துக்கொண்டாள்.

இடித்து இறுக்கின மண்ணில் சின்னவள் வீசிப் பார்த்தாள். தொண்ணூற்று நாலு. முன்னைவிட மோசம். மண் கெட்டியாகிவிட்டது, முட்டிக்கு அது தெரியவில்லை. கால் தரையைத் தொட்டதும் பழக்கத்தில் தானாகவே மடங்கிக்கொடுத்தது. பத்துப் பந்தோடு நிறுத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை நெட்டை முதலில் வீசினாள்; மூன்றாவது பந்திலேயே நூற்றிரண்டு. பிறகு சின்னவள் ஏறினாள். எல்லாரும் வேகம் காட்டும் கருவியையே பார்த்தார்கள். மேட்டக்கா ஆறாம் பாதத்தைப் பார்த்தாள்.

தொண்ணூற்றாறு. குழியில் இரண்டு விரல் வழுக்கல். தொண்ணூற்றேழு. மறுபடி தொண்ணூற்றாறு. நாலாவதில் கால் கொஞ்சம் தயங்கி இறங்கியது. ஐந்தாவதில் தயங்கவில்லை, ஆணிகள் நறுக்கென்று மண்ணைப் பிடித்தன, முட்டி அறைந்த கதவு மாதிரி நின்றது, உடம்பு அதன்மேல் சுழன்று போயிற்று. பந்து எதிரில் குந்தியிருந்த கேட்சரின் கையுறையில் விழுந்த சத்தமே வேறாக இருந்தது. தொண்ணூற்றொன்பது.

"இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

ஆறாவது தொண்ணூற்றேழு. ஏழாவதும் தொண்ணூற்றேழு, இரண்டு தரமும் முட்டி பழையபடி மடங்கியது. சின்னவள் முழங்கையை ஒருமுறை மடக்கி நீட்டினாள். மூன்று பந்து பாக்கி. கையைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டினால் நூறு வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்கும் தெரிந்தது. மேட்டக்காவின் வாய்வரை வந்தது, வேண்டாம்டி என்று. உதட்டைக் கடித்துக்கொண்டாள். கை அவளுடையது.

சின்னவள் பந்தைக் கொஞ்சநேரம் விரல்களில் உருட்டினாள். பிறகு மேட்டிலிருந்து இறங்கி, பயிற்சியாளரின் உள்ளங்கையில் அதை வைத்தாள்.

"போதும் சார். இப்ப நூறு வேணும்னா கையாலதான் இழுக்கணும். முழங்கை ஏற்கெனவே வலிக்குது, உங்ககிட்ட மறைச்சிட்டேன். கால் ஒரு தடவைதான் பிடிச்சுது. அதுக்கு இன்னும் நாள் வேணும்."

பயிற்சியாளர் கருவியைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார். "அப்ப இந்தப் பருவம் நெட்டைதான் வீசுவா. சொன்னது சொன்னதுதான்."

"சரி சார்."

"முழங்கை ஆறட்டும். அடுத்த பருவத்துக்கு முன்னால பத்துப் பந்து குடுப்பேன். அதுவும் சொன்னது சொன்னதுதான்."

எல்லாரும் கலைந்த பிறகு மேட்டக்கா வாளியும் கட்டையுமாக மேட்டுக்கு வந்தாள். சின்னவள் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சரிவில் உட்கார்ந்திருந்தாள்.

"அஞ்சாவது பந்து எப்படி இருந்துச்சுடி?"

"காலுக்குக் கீழ யாரோ தாங்கிப் பிடிச்ச மாதிரி." கணுக்காலைத் தடவிக்கொண்டே, "கணுக்கால் சுரீர்னுச்சு. செத்துப்போயிடல."

மேட்டக்கா குழியில் களிமண்ணைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். கட்டையால் பத்துப் பதினைந்து இடி இடித்தாள். பிறகு நிமிர்ந்து, இத்தனை வருஷத்தில் எந்த வீச்சாளரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"போதுமா பாரு."

சின்னவள் எழுந்து வந்து இடது காலை ஊன்றி, முழு எடையையும் அதன்மேல் போட்டு நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள்.

"இன்னும் ரெண்டு இடி," என்றாள்.